சறுக்காமல் பனிமலை பார்த்த தவமணி அக்கா

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பேத்தி அனுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. தவமணி அக்காவின் மகள் சாந்தி.

"ஆன்ரி, அம்மா விடியக்காலமை போயிட்டா."

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்து சொன்னாள்: "நேற்றுப் பின்னேரமும் உங்களைப் பற்றித்தான் கதைச்சவ. சரசு சீட்டு விளையாட்டில கள்ளம் செய்யிறா, அவளைக் கவனமாப் பாருங்கோ எண்டு நர்ஸுக்குச் சொன்னவ."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக்கட்டோடு போயிருந்தேன். கள்ளம் செய்தது யார் என்று அக்காவோடு ஒரு ஆட்டமாவது ஆடியவர்களுக்குத் தெரியும். போர்வைக்குள்ளே இரண்டு சீட்டை ஒளித்து வைத்திருந்தார், அந்த உடம்போடு.

டப்ளினிலும் ஃப்ரீமான்ட்டிலும் இருக்கிற நம் குடும்பங்களில் அக்காவை அறியாதவர்கள் குறைவு. சிலருக்கு அவர் சத்தமாகச் சிரிக்கிற ஆன்ட்டி. சிலருக்கு, விசேஷ வீட்டில் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சாம்பாரோ, சுடுதண்ணியோ?" என்று கேட்டு மனத்தைப் புண்படுத்தியவர். இரண்டும் அவர்தான். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சண்டையில் வீடு போய், கணவரும் போய், மகளிடம் வந்து சேர்ந்தவர். அறுபத்தொரு வயதில் கார் ஓட்டப் படித்து, மூன்று தரம் ஃபெயில் ஆகி, நாலாவது தரம் லைசென்ஸ் வாங்கினார். எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டால், "அந்த மனுசனுக்கே களைச்சுப் போச்சு, பாஸ் பண்ணிவிட்டிட்டுது" என்பார்.

எனக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பனிமலையைச் சொல்ல வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் லீவு. நான் என் மகன் செந்தில் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஜனவரிக் கடைசியில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. ஆறு மாதம் இருந்துவிட்டு வருவேன் என்று மகன் நினைத்துக்கொண்டிருந்தான். திரும்பி வரப்போவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். அதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், கோவில் மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "மலைக்கு மூன்று நாள் வாரும். பிறகு கதைப்பம்" என்றார்.

காரில் நாலு மணி நேரத்தில் போகிற லேக் டாஹோ என்கிற மலை ஏரிக்கரையில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மரவீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். பதினாறு பேர். நம் ஜனங்கள் மலைக்குப் போகிற விதம் உங்களுக்குத் தெரியும். முன் வண்டியில் ஸ்கீ சாமான், பின் வண்டியில் இருபது பவுண்டு அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், இட்லி மாவு, ரைஸ் குக்கர், பிரஷர் குக்கர். சின்னவர்கள் சறுக்கப் போவார்கள். பெரியவர்கள் சமைத்து வைத்துக்கொண்டு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பனி பார்ப்பார்கள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அப்படியே நடந்துவந்தது. சமையல் லிஸ்டில் என் பெயருக்கு எதிரே மூன்று நாளும் சாம்பார் என்று எழுதியிருந்தது.

முதல் நாள் எல்லோரும் கிளம்பிப் போனபின் பருப்பை ஊறவைத்துக் குக்கரை எடுத்தேன். வெயிட்டைக் காணோம். பையைக் கொட்டினேன், வண்டியில் வந்த அட்டைப்பெட்டிகளைக் கொட்டினேன். இல்லை. கழுவித் துடைத்து மூடி போட்டு எடுத்து வைத்தவள் நான். வெயிட் மட்டும் டப்ளின் வீட்டு அடுப்படி ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது.

போனால் போகிறது, எங்கள் அம்மா காலத்தில் குக்கரா இருந்தது என்று பெரிய பானையில் பருப்பைப் போட்டு ஏற்றினேன். கொதித்தது. ஒரு மணி நேரம் கொதித்தது. இரண்டு மணி, மூன்று மணி. தண்ணீர் தளதளவென்று குதிக்கிறது, பருப்பு போட்டபடியே கிடக்கிறது. அக்கா கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை.

"சரசு, இது பருப்போ மணியோ? கோத்துக் கழுத்தில போடலாம் போல கிடக்கு."

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. இப்ப எல்லாரும் வந்துடுவாங்க."

ஐந்து மணிக்குச் சறுக்கப் போனவர்கள் எல்லோரும் நனைந்த உடுப்போடு பசியோடு வந்தார்கள். செந்தில் பானையைப் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னான். இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுமாம், ஆனால் வேண்டிய சூடு இருக்காதாம், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாதாம். படித்த பிள்ளை, சரியாகத்தான் சொன்னான். கூட வந்த ஒருவர் விளையாட்டாக, "ஆன்ட்டி, உங்களை நம்பித்தானே மலை ஏறினோம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பீட்சா வரவழைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

நான் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பருப்புக்காக அழவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கார் ஓட்டத் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் தெரியாது. பேத்தி என்னோடு பேசினால் பாதி எனக்குப் புரியாது. சமையலும் போனால் நான் எதற்கு இங்கே?

அக்கா கதவைத் தட்டவில்லை. வெளியே நின்று சொன்னார்: "வெளியில வாரும். பீட்சா ஆறுது. நாளைக்கு நானும் நீரும் வெளிக்கிடுறம்."

மறுநாள் காலை, எல்லோரும் ரொட்டியும் ஜாமும் தின்றுகொண்டிருந்தபோது அக்கா எழுந்து நின்று அறிவித்தார்: "இண்டைக்கு அடுப்புக்கு லீவு. மத்தியானம் அவையவை பாத்துக்கொள்ளுங்கோ. குழந்தையளை ஆர் வச்சிருக்கிறது எண்டு இப்பவே பேசி முடியுங்கோ. நானும் சரசுவும் மலை பாக்கப் போறம்."

செந்தில் பதறினான். "ஆன்ட்டி, வெளிய ரொம்ப வழுக்கும். அம்மா விழுந்துடுவாங்க."

"நேற்று நீ எத்தினை தரம் விழுந்தனி தம்பி?"

பதினோரு தரம் என்று அனுதான் இங்கிலீஷில் எண்ணிச் சொன்னாள்.

அக்கா என்னை உடுத்திவிட்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். புடவைக்குள்ளே செந்திலின் பேன்ட். இரண்டு ஜோடிக் காலுறை. அதன்மேல் ரொட்டி வருகிற பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பிறகு ஷூ. "ஈரம் உள்ளுக்கு வராது. பூட்ஸ் வாங்கத் தேவையில்லை" என்றார். மேலே சம்பந்தியின் பழைய ஓவர்கோட், தலையில் குரங்குக் குல்லாய். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அக்கா தன் பங்குக்கு உதட்டில் லேசாகச் சாயம் போட்டுக்கொண்டார்.

தெருமுனையில் மலைக்குப் போகிற பஸ் வரும், காசு கிடையாது என்று அக்கா முதல் நாளே விசாரித்து வைத்திருந்தார். பஸ் முழுக்க ஸ்கீயும் கம்பும் பெரிய பெரிய பூட்ஸுமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள். டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வேர் ஆர் யுவர் ஸ்கீஸ், லேடீஸ்?"

"லெஃப்ட் தெம் இன் ஜாஃப்னா" என்றார் அக்கா, ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ஸ்கீயை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தோமாம்! அந்த மனிதர் நம்பிவிட்டார். ஐயோ பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். எனக்கு அக்கா தமிழில் சொன்னபிறகு நான் சிரித்த சிரிப்பில் குல்லாய் கழன்று விழுந்தது.

கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற பெரிய பெட்டியில் மலையேறினோம். தரை கீழே போகப் போக நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். "முருகன் இருக்கிறதே மலையிலதான், கண்ணைத் திறவும்" என்றார் அக்கா. திறந்தேன். கீழே அந்த ஏரி. அவ்வளவு நீலத்தை நான் புடவைக் கடையில்கூடப் பார்த்ததில்லை. சுற்றிலும் வெள்ளை, ஊசி ஊசியாக மரங்கள், ஒவ்வொரு மரமும் கை நிறையப் பனியை ஏந்திக்கொண்டு நின்றது. கீழே சறுக்கிக்கொண்டு போகிறவர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். அவர்கள் யாரும் இதையெல்லாம் பார்த்த மாதிரித் தெரியவில்லை. எல்லோரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மேலே வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். சூடான சாக்லேட் பால் வாங்கிக் கொடுத்தார். கொஞ்சம் பனியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. ஆனாலும் இரண்டாம் தரமும் போட்டேன்.

"இப்ப சொல்லும். ஏன் போறீர்?"

சொன்னேன். ஊரில் என் வீடு இருக்கிறது, வாசலில் நின்றால் நாலு பேர் பேசுவார்கள், கடைக்கு நானே நடந்து போவேன். இங்கே ஒரு கொத்தமல்லிக் கட்டு வேண்டுமென்றாலும் ஒருவரிடம் கேட்க வேண்டும். அவர்கள் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். சமைத்து வைக்கிறேன், சாப்பிடுகிறார்கள், தட்டைக் கழுவுகிறேன். "நான் அம்மாவா, சமையல்காரியான்னே தெரியலக்கா."

"இதை மகனிட்டச் சொன்னீரோ?"

"எப்படிக்கா சொல்றது? பெத்த புள்ளை, அவனுக்கே தெரிய வேணாமா?"

"எப்பிடித் தெரியும்? நீர் சிரிச்சுச் சிரிச்செல்லோ சாம்பார் வைக்கிறீர்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. உங்களுக்கென்ன, உங்கள் மகள் உங்களை எங்கேயும் விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்றேன்.

அக்கா ஏரியையே பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் குரல் தணிந்து நான் கேட்டது அப்போதுதான்.

"வந்த புதிதில சாந்தியும் என்னை விட்டிட்டுத்தான் போறவள். அம்மாக்குக் குளிர் ஏலாது எண்டு அவளே நினைச்சிட்டாள். நானும் பேசாமல் இருந்தன். ஒரு நாள் யோசிச்சன். திரும்பிப் போவம் எண்டால் எனக்கு அங்கை வீட்டுக் கல்லும் இல்லை. அப்ப இஞ்சைதான் இருக்கவேணும். இருக்கிறதெண்டால் மூலையில இருக்கேலாது. அடுத்த தரம் அவை வெளிக்கிடேக்கை நானே போய்க் காரில ஏறி இருந்திட்டன். ஆரும் கூப்பிடுவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தா பாத்துக்கொண்டேதான் இருக்கவேணும், சரசு. நானும் வாறன் எண்டு சொல்லிப்போடவேணும்."

பிறகு, "உமக்குப் போக ஒரு வீடு இருக்கு. அது நல்ல விஷயம். போறதெண்டால் போம். ஆனா கேட்டுப் பாத்திட்டுப் போம். கேக்காமல் கோவிச்சுக்கொண்டு போகாதையும்" என்றார்.

பெட்டி இறங்கும்போது நான் கண்ணை மூடவில்லை.

மூன்றாம் நாள் பிள்ளைகள் சறுக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வீட்டுக்குப் பக்கத்துச் சரிவில் அக்கா என்னை உட்கார வைத்துவிட்டார். முன்னால் அனு, பின்னால் நான். அக்கா தள்ளிவிட்டார். அறுபது வயதில் நான் போட்ட கூச்சல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பாதியில் தொட்டி கவிழ்ந்து, பேத்தியும் நானும் பனியில் உருண்டோம். அனு எழுந்து என் முகத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டு, "அகெய்ன் பாட்டி! ஒன்ஸ் மோர்!" என்றாள். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஏழு தரம் போனோம். என் பேத்தி இப்போது பெரிய மலையிலிருந்தே சறுக்கி வருகிறாள், மெடல்கூட வாங்கியிருக்கிறாள். முதன்முதலில் அவளோடு சறுக்கியது நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, மருமகளும் அனுவும் கடைக்குள் போயிருந்தார்கள். செந்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். நான் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, நான் ஊருக்குப் போனா திரும்பி வர்றதா இல்ல. முடிவு பண்ணிட்டேன். ஆனா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு தோணுது."

அவன் துடைப்பதை நிறுத்திவிட்டான். நான் கேட்டேன். வாரத்தில் இரண்டு நாள் நான் சமைக்க மாட்டேன். பஸ்ஸில் தனியாகப் போய்வரச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கே போனாலும் என்னையும் வருகிறாயா என்று கேட்க வேண்டும், வேண்டாமென்று நான்தான் சொல்ல வேண்டும். அனு என்னோடு தினம் அரைமணி நேரம் தமிழில் பேச வேண்டும், நானும் அவளிடம் இங்கிலீஷ் படிப்பேன்.

"இவ்வளவுதானாம்மா? ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கல."

"நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னுதாம்மா நெனச்சேன்." அவன் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

ஜனவரியில் ஊருக்குப் போனேன். ஐந்து வாரம் இருந்து, வீட்டை ஒழுங்கு செய்து வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஏர்போர்ட்டுக்கு அக்காவும் வந்திருந்தார். "புளி கொண்டுவந்தனீரோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

அதற்குப்பின் இன்னும் மூன்று குளிர்காலம் அவரோடு மலைக்குப் போனேன். பனியில் புதையாமலிருக்கக் காலில் அகல மட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் பனிமேல் நடந்தோம். ஒரு வருஷம் உறைந்த குட்டையில், பிள்ளைகள் வழுக்கி விளையாடுகிற இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டோம். குளிர் அதிகமானால் நெருப்புப் பக்கம் உட்கார்ந்து சீட்டு. சறுக்குகிறவர்கள் கையைக் காலை முறித்துக்கொண்டு வருவார்கள். அக்கா அவர்களுக்கு ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டே, "காசு குடுத்து விழுறியள். நாங்கள் சும்மாவே விழுறம்" என்பார்.

வியாழக்கிழமை ஃப்யூனரல் ஹோமில் பூசையெல்லாம் முடிந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றியதும், டொரன்டோவிலிருந்து வந்திருந்த அக்காவின் கொழுந்தனார், "பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை. நீங்கள் வீட்டை போய் முழுகுங்கோ" என்று தன்மையாகத்தான் சொன்னார். பெரியவர், வழக்கத்தைச் சொன்னார். எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். என் புருஷனைக்கூட நான் தெருமுனைவரைதான் அனுப்பினேன். சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு இருந்த ஒரே பிள்ளை அவள்.

செந்திலின் வேனில் இடம் இருந்தது. நான் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

பெரியவர் பார்த்தார். "அம்மா, உங்கட பக்கத்தில போறவையோ?"

"இல்லைங்க, எங்க பக்கமும் போறதில்ல. நான் வர்றேங்க. அக்காவை வழியில விட்டுட்டு என்னால வீட்டுக்குப் போக முடியாது."

அவர் சாந்தியைப் பார்த்தார். சாந்தி வந்து என் பக்கத்தில் ஏறினாள். அவர் கிட்டே வந்து கதவைச் சாத்திவிட்டார், வெளியிலிருந்து, மெதுவாக. பின்னால் இன்னொரு வண்டியில் இன்னும் ஐந்து பெண்கள் வந்ததை அங்கே போனபிறகுதான் பார்த்தேன். தகன அடுப்பை மூட்டுகிற பொத்தானை அழுத்தும் நேரத்தில் சாந்தியின் கைமேல் அவள் கணவர் கை இருந்தது. அழுத்தியது அவள்தான்.

அக்காவின் காதுப்பூவோ புடவையோ என்னிடம் இல்லை. சாந்தி கொடுக்க வந்தாள், நான் வாங்கவில்லை. வாயைத் திறந்து கேட்கிற பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் மலைக்குப் போகிறோம். இந்த வருஷம் ஊரிலிருந்து புதிதாக இரண்டு அம்மாக்கள் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவர் வீட்டைவிட்டு இறங்கியே மூன்று மாதம் ஆகிறதாம். சமையல் லிஸ்டை எழுத என்னிடம் கொடுத்தார்கள். சனிக்கிழமைக்கு நேரே செந்தில் பெயரையும் இன்னும் மூன்று ஆண்பிள்ளைகள் பெயரையும் எழுதிவிட்டேன். அன்றைக்குக் காலை ஒன்பது மணி பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் மலையேறுகிறோம். முழங்கால் வலிக்காரருக்கு ஜன்னலோர இடம்.